ஊர் உணவு மையம்: ஷீட் கொட்டகையா, கான்கிரீட்டா, தொட்டிக்கட்டா?

ஒட்டன்சத்திரம் சந்தைக்கு வரும் காய்கறியில் பெரும்பகுதி லாரி ஏறிக் கேரளா போய்விடுகிறது. விலை இருக்கிற மாதங்களில் இது நல்ல ஏற்பாடுதான். தக்காளி விலை விழுந்துவிட்டால் பறிகூலிகூடத் தேறாது. காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள், இல்லையென்றால் ரோட்டோரம் கொட்டுகிறார்கள். காய்கறியைச் சில நாள் வாடாமல் வைத்திருக்க, முருங்கை இலையைக் காயவைத்துப் பொடியாக்க, சோளத்தையும் கம்பையும் அடுத்த போகம் வரை காப்பாற்ற, மிஞ்சியதைச் சமைத்து ஊர்ச் சனத்துக்கே விற்க ஒரே வளாகம் இருந்தால் நிலைமை மாறும். அப்படி ஓர் உணவு மையத்தைக் கட்ட நினைக்கும் உழவர் குழுக்களுக்காக இதை எழுதுகிறேன். பழனி, ஒட்டன்சத்திரம், தாராபுரம் வட்டாரம்தான் என் கணக்கு. கடலோர ஊர்களுக்கு இதை அப்படியே எடுத்துப்போக முடியாது. காரணம் பின்னால் வரும்.

கட்டடப் பேச்சு எடுத்ததும் முதலில் வரும் யோசனை, "ஒரு ஷீட்டைப் போட்டுரலாம்." அடுத்தது, "போடுறதுதான் போடுறோம், கான்கிரீட்டாவே போட்டுருவோம்." ஓட்டுக் கூரை, முற்றம் என்று தொட்டிக்கட்டு வீட்டைப் பற்றி யாராவது சொன்னால், அதெல்லாம் ரிசார்ட்காரர்களுக்கு என்று ஒதுக்கிவிடுகிறோம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எதையாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்து மையம் முழுவதையும் அதிலேயே கட்டுவதுதான் தப்பு. வெங்காயம் காற்றைக் கேட்கிறது. தானியம் காற்றும் எலியும் நுழையாத இருட்டைக் கேட்கிறது. அடுப்படிக்குச் சூடு வெளியேற வழி வேண்டும். கீரைக்கு நிழலும் ஈரமும் வேண்டும். ஒரே கூரையின் கீழ் இந்த நான்குக்கும் நியாயம் செய்ய முடியாது.

வெயிலும் காற்றும்

மார்ச் முதல் மே வரை இங்கே வறண்ட வெயில். ஜூனில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேல்காற்று, அதாவது மேற்குக் காற்று, இறங்குகிறது. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பதற்கு இந்த வட்டாரத்துக்காரர்களிடம் விளக்கம் தேவையில்லை. உடுமலை, தாராபுரம் பக்கம் அத்தனை காற்றாலைகள் நிற்பதே இந்தக் காற்றை நம்பித்தான். பெரிய மழை ஐப்பசி, கார்த்திகையில் வருகிறது.

சூரியனைப் பற்றி ஒரு விஷயத்தைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். தெற்குப் பக்கம் தாழ்வாரம் இறக்கினால் போதும், வடக்கே வெயில் வராது என்று சொல்கிற பொறியாளர்கள் உண்டு. வடநாட்டுக்கு அது சரி. நாம் இருப்பது ஏறத்தாழ பத்தரை டிகிரி வட அட்சத்தில். ஏப்ரல் நடுவில் உச்சிச் சூரியன் நேராகத் தலைக்கு மேல் வந்து, அதன்பின் ஆகஸ்ட் கடைசி வரை உச்சிக்குச் சற்று வடக்கேதான் நிற்கிறது. ஜூன் 21 அன்று 13 டிகிரி வடக்கே, டிசம்பர் 21 அன்று 34 டிகிரி தெற்கே. ஆக, இரண்டு பக்கமும் தாழ்வாரம் வேண்டும். கோடையில் அதிகம் காய்வது கூரைதான். அடுத்தது, காலையில் கிழக்குச் சுவரும் மாலையில் மேற்குச் சுவரும். அறைகளைக் கிழமேலாக நீட்டி, அந்த இரண்டு குறுகிய சுவர்களிலும் ஜன்னல் வைக்காமல் விடுவதே நல்லது.

இங்கேதான் ஒரு சிக்கல் வருகிறது. வெயிலுக்காகக் கிழமேலாக நீட்டினால், மேற்கிலிருந்து வரும் காற்று ஜன்னல் இல்லாத குறுகிய சுவரில் போய் முட்டும். காற்றுக்காகத் தென்வடலாக நீட்டினால் மாலை வெயில் நீளச் சுவர் முழுவதையும் சுடும். ஒரே கட்டடமாகக் கட்டினால் இதிலிருந்து தப்ப வழியில்லை. சுவரே தேவையில்லாத பகுதிகளைப் பிரித்துக் காற்றுக்குக் குறுக்கே வைத்துவிட்டு, சுவர் உள்ள அறைகளை மட்டும் வெயிலுக்கு ஏற்பத் திருப்பினால் சிக்கல் தீர்ந்துவிடும்.

ஷீட் கொட்டகை

ஷீட்டைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். அஸ்திவாரக் குழி தோண்டி இரும்புத் தூண் நட்டுவிட்டால் சில வாரத்தில் கூரை ஏறிவிடும். நடுவில் தூண் இல்லாத அகலம் கிடைக்கும். லாரி உள்ளேயே திரும்பலாம். நாளைக்கு இடம் மாறினால் போல்ட்டைக் கழற்றி எடுத்துப்போகலாம். வங்கி மதிப்பீட்டாளருக்கும் பழகிய பொருள், அதனால் கடன் பேசுவது சுலபம்.

ஆனால் பங்குனி, சித்திரை மத்தியானத்தில் வெறும் ஷீட்டின் சூடு 60 டிகிரியைத் தாண்டும். அந்தச் சூடு காற்றின் வழியாக மட்டும் வருவதில்லை. தகடு நேராகக் கீழே கதிராக இறக்குகிறது. தலையும் தோளும் எரிகிற மாதிரி இருக்கிறதே, அது இந்தக் கதிர்தான். கூரை மேல் சுழலும் உருண்டைகளை வைத்தால் சரியாகிவிடும் என்று விற்பனையாளர் சொல்வார். அவை மேலே தேங்கும் சுடுகாற்றை இழுத்து வெளியே விடும், அவ்வளவுதான். தகட்டிலிருந்து இறங்கும் கதிரைத் தடுக்க அவற்றால் முடியாது. அதற்குத் தகட்டுக்குக் கீழே இடைவெளி விட்டு இன்னொரு தடுப்பு வேண்டும், அல்லது மேலே வெள்ளைப் பூச்சு வேண்டும். இவற்றைச் செலவில் சேர்க்காமல்தான் "ஷீட் மலிவு" என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

காய்கறி தரம் பிரிப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். அந்தத் தகட்டின் கீழ் ஏழெட்டு மணி நேரம் குனிந்து வேலை செய்யப் போகிறவர்களும் அவர்கள்தான். கூரையை முடிவு செய்யும் கூட்டத்தில் அவர்கள் உட்கார்ந்திருக்க வேண்டும். கட்டடத்தின் உயரம், நிழல், தண்ணீர்க் குழாய் எங்கே என்பதையெல்லாம் அவர்களை விடச் சரியாகச் சொல்ல ஆளில்லை.

கான்கிரீட் தளம்

கான்கிரீட்டின் குணம் வேறு. பகலெல்லாம் வெயிலைக் குடித்துவிட்டுச் சாயங்காலம் முதல் உள்ளே விடத் தொடங்கும். ராத்திரியில் மாடிக்குக் கீழே படுத்தவர்களுக்குத் தெரியும். மூட்டை அடுக்கிய அறையில் இதனால் இரட்டைக் கெடுதல். தானிய வண்டுகள் நன்றாகப் பெருகும் சூடு 25 முதல் 35 டிகிரி. அந்த அளவை ராத்திரியிலும் இறங்க விடாமல் நாமே வைத்துக்கொடுக்கிறோம். மூட்டையில் ஈரப்பதம் 12, 13 சதவீதத்துக்கு மேல் இருந்தால் பூஞ்சையும் சேர்ந்துகொள்ளும்.

அப்படியென்றால் கான்கிரீட் வேண்டாமா? வேண்டும், இரண்டு இடத்தில். பொடி அரைத்து அடைக்கும் அறைக்கு உணவுப் பாதுகாப்பு விதிகள் கழுவக்கூடிய வழவழப்பான சுவர், தரை, பூச்சி நுழையாத வலை என்று கேட்கின்றன. மண் பூச்சும் கீற்றும் அங்கே செல்லாது. இன்னொன்று தானிய அறை. ஓட்டு இடுக்கில் எலி புகுந்துவிடும், தளத்தில் புகாது. இந்த இரண்டு அறைக்கும் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் பரவலாக்கிய நிரப்புத் தளத்தைச் சொல்வேன். தளத்தின் கீழ்ப்பகுதியில் கான்கிரீட்டுக்குப் பெரிய வேலை இல்லை. அங்கே கம்பிகளுக்கு நடுவே பழைய ஓடுகளை இரண்டிரண்டாகக் கவிழ்த்து வைத்துவிட்டால் சிமென்டும் குறையும், இரண்டு ஓட்டுக்கு நடுவில் அடைபட்ட காற்று சூட்டையும் தடுக்கும். அந்தத் தளத்துக்கு மேல் கொஞ்சம் இடைவெளி விட்டு இன்னொரு ஓட்டுக் கூரை நிழலாக நிற்கட்டும். எலிக்குத் தளம், வெயிலுக்கு ஓடு.

தானிய அறையில் ஜன்னல் தாராளமாக வைக்கிறார்கள், அது வேண்டாத வேலை. நம் வீட்டுக் குதிருக்கு ஜன்னல் இருந்ததில்லை. மேல்வாயில் கொட்டி மூடி, கீழே ஒரு சின்னத் துளை வழியாக வேண்டியதை மட்டும் எடுப்பார்கள். பெரிய அளவில் இதே யோசனையைப் பார்க்க வேண்டுமென்றால் ஸ்ரீரங்கம் கோவிலின் வட்ட வடிவ நெற்களஞ்சியங்களைப் பார்க்கலாம். மழை மாதங்களின் ஈரக்காற்று உள்ளே வராமல் இருப்பதே தானியத்துக்குப் பாதி பாதுகாப்பு.

தொட்டிக்கட்டு

நான்கு பக்கமும் அறை, நடுவே வானம் பார்த்த முற்றம், முற்றத்தைச் சுற்றி ஆசாரம் என்கிற திறந்த கூடம், எல்லாப் பக்கமும் உள்நோக்கிச் சரியும் ஓடு. கொங்கு நாட்டின் பழைய பண்ணை வீடுகள் இப்படித்தான் இருந்தன. அந்த வீட்டை அப்படியே நகல் எடுக்கச் சொல்லவில்லை. ஆனால் அந்த ஆசாரம், தரம் பிரிக்கும் வேலைக்கென்றே அளந்து கட்டியது போலிருக்கிறது. நிழல் உண்டு, வெளிச்சம் உண்டு, காற்று உண்டு. மேலே தேங்கும் சூடு ஓட்டு இடுக்கு வழியாகவே வெளியேறிவிடும். முற்றத்தில் விழும் மழையை ஒரே தொட்டிக்குத் திருப்பலாம்: 100 சதுர மீட்டர் கூரையில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1,000 லிட்டர். காய்கறி கழுவும் இடத்துக்குத் தண்ணீர் எவ்வளவு வேண்டும் என்று தெரிந்தவர்கள் இந்தக் கணக்கைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

வெளித்திண்ணையையும் விடக்கூடாது. டாடா ஏஸ் வண்டியின் தட்டு உயரத்துக்குத் திண்ணையை எழுப்பிவிட்டால் கிரேட்டைத் தூக்கி இறக்க வேண்டியதில்லை, நகர்த்தினால் போதும். சந்தை இல்லாத நேரத்தில் ஊர்க்காரர்கள் உட்கார அதே திண்ணை.

ஓட்டின் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். ஆடிக்காற்று ஓரத்து வரிசைகளைக் கிளப்பும். அந்த வரிசைகளைக் கம்பியால் கட்டியோ சாந்து வைத்தோ பிடிக்க வேண்டும். மலையடிவாரத்தில் குரங்கு ஒரு பெரிய தொல்லை. வருடா வருடம் புரட்டாசிக்குள் ஒருவர் ஏறி உடைந்ததை மாற்றியாக வேண்டும். குழுவின் ஆண்டுச் செலவில் இதற்கு ஒரு வரி இருக்க வேண்டும். மரமும் எளிதில் கிடைக்காது. தேக்கு விலை தெரிந்ததே. பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி கட்டாயம் என்று 2021 வேளாண் பட்ஜெட்டில் அறிவித்தார்கள். அது நியாயமான முடிவு. இடிக்கும் வீடுகளிலிருந்து வரும் பழைய பனை வாரைகளும் ஓடுகளும் கிடைத்தால் விட வேண்டாம். ஒவ்வொரு ஓட்டையும் கையில் எடுத்து விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் நல்ல ஓடு, மந்தமாகக் கேட்டால் உள்ளே விரிசல். வாரை கிடைக்காவிட்டால் ஜிஐ சதுரக் குழாயில் சட்டம் அடித்து மேலே ஓடு போடலாம். பார்க்கப் பழைய வீடு மாதிரி இருக்காதுதான், ஆனால் நிழலில் குறை இருக்காது.

சுவருக்கு இரண்டு நல்ல வழி உண்டு. ஒன்று, நாட்டுச் செங்கலை விளிம்பில் நிறுத்தி நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டும் எலிப்பொறிக் கட்டு. வழக்கமான ஒன்பது அங்குலச் சுவரை விட ஏறத்தாழ கால் பங்கு செங்கல் மிச்சம், நடுவிலுள்ள காற்று சூட்டையும் தடுக்கும். கொத்தனாருக்குப் பழக்கம் இல்லையென்றால் முதலில் ஒரு காம்பவுண்டுச் சுவரில் கட்டிப் பழகச் சொல்லுங்கள். இன்னொன்று, ஆரோவில்லில் 1980களின் இறுதியிலிருந்து வளர்த்தெடுத்த அழுத்திய மண் கல். செம்மண்ணோடு 5 சதவீதம் அளவு சிமென்ட் சேர்த்து அச்சில் அழுத்தி, சூளையில் சுடாமல் நான்கு வாரம் நனைத்துப் பதப்படுத்தும் கல் அது. இதில் எல்லாமே மண்ணைப் பொறுத்தது. ஒரு கண்ணாடி ஜாடியில் மண்ணையும் தண்ணீரையும் குலுக்கி ஒரு நாள் வைத்தால் மணல், வண்டல், களி தனித்தனி அடுக்காகப் படிந்துவிடும். மணல் அதிகமாக இருக்கும் செம்மண் ஒத்துவரும். கரிசல் சுருங்கி விரியும், அது வேண்டாம். தாராபுரம் பக்கம் கரிசல் காட்டில் இடம் அமைந்தவர்கள் செங்கலோடு நின்றுகொள்வது நல்லது. அஸ்திவாரத்துக்கு எல்லோருக்கும் கருங்கல்தான்.

வெங்காயப் பட்டறை

காற்றுக்கும் உணவுக்கும் கட்டிய கட்டடத்துக்கு இந்த மண்ணிலேயே முன்மாதிரி இருக்கிறது. சின்ன வெங்காயம் விளைகிற காடுகளில் ஓரமாக நிற்கும் பட்டறையைச் சொல்கிறேன். தரையில் வரிசையாகக் கல், கல்லின் மேல் குச்சிகளைப் பரப்பி ஒரு மேடை, இருபுறமும் தட்டி, மேலே கீற்று. அகலம் குறைவாக, நீளமாக இருக்கும். அகலம் கூடினால் நடுவிலிருக்கும் வெங்காயத்துக்குக் காற்று போகாது, அங்கிருந்துதான் அழுகல் ஆரம்பிக்கும். அடியில் கல் வைத்துத் தூக்கியிருப்பதால் கீழிருந்தும் காற்று ஏறுகிறது, தரை ஈரமும் தொடாது. மின்சாரம் இல்லாமல் மாதக்கணக்கில் விலைக்குக் காத்திருக்க வைக்கிற அமைப்பு இது.

உணவு மையத்தில் இதையே கொஞ்சம் உறுதியாகக் கட்டலாம். கல்லுக்கால் நட்டு, தட்டிக்குப் பதில் எலி நுழையாத இரும்பு வலை, கீற்றுக்குப் பதில் ஓடு. நீளப் பக்கம் மேற்கைப் பார்க்கட்டும். சுவரே இல்லாததால் மாலை வெயிலில் சூடேற எதுவுமில்லை. அந்தப் பக்கம் தாழ்வாரத்தைத் தாழ இறக்கிவிட்டால் வெயில் வெங்காயத்தின் மேலும் விழாது. முருங்கை இலையை நிழலில் உலர்த்தும் அடுக்குகளையும் இதே பாணியில், பக்கத்திலேயே வைக்கலாம். வெயிலில் காய்ந்த இலை நிறம் வெளுத்து விலை குறையும். நிழலும் ஓடுகிற காற்றும் இருந்தால் பச்சை நிற்கும். தூசுக்கு மட்டும் மெல்லிய வலை வேண்டும்.

காய்கறிக்கும் அடுப்படிக்கும்

தக்காளி, கீரை, ஆயக்குடிக் கொய்யாவை ஓரிரு நாள் தாங்கவைக்க, இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் 1980களில் உருவாக்கிய மின்சாரமில்லாக் குளிர்தொட்டி இங்கே நன்றாகவே வேலை செய்யும். இரண்டு வரிசை செங்கல், நடுவில் 7.5 சென்டிமீட்டர் இடைவெளி, அதில் ஆற்று மணல், காலையும் மாலையும் மணலை நனைப்பது. ஒரு தொட்டியில் ஏறத்தாழ 100 கிலோ வைக்கலாம். வறண்ட கோடையில் வெளிச்சூட்டை விட 10 முதல் 15 டிகிரி வரை குறைத்துக் காட்டியிருக்கிறது. நாகப்பட்டினத்திலோ தூத்துக்குடியிலோ இதை நம்ப முடியாது என்று சொல்வது இதனால்தான்: காற்றில் ஏற்கெனவே ஈரம் இருந்தால் மணல் ஈரம் ஆவியாகாது, குளிரும் பிறக்காது. சூரிய மின்சாரக் குளிர் அறை வாங்க முடிந்தாலும் அதை வெட்டவெளியில் வைக்காமல் ஓட்டு நிழலில் வையுங்கள். இயந்திரத்துக்குச் சுமை அங்கேயே குறையும்.

அடுப்படியில் கீற்று கூடவே கூடாது. கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று சமையல் கூடத்திலிருந்து கூரைக் கீற்றுக்குத் தாவிய தீயில் 94 குழந்தைகளை இழந்தோம். அழகுக்காகக்கூட அந்தப் பக்கம் கீற்று வேண்டாம். உயரமான ஓட்டுக் கூரை, உச்சியில் புகையும் சூடும் போக ஒரு தூக்கிய வாய், இரண்டு பக்கம் திறப்பு போதும். இடம் தென்கிழக்கு. வேலை அதிகமுள்ள ஆடியில் மேல்காற்று புகையை மற்ற அறைகள் பக்கம் விடாமல் கிழக்கே தள்ளிவிடும். அக்னி மூலையில் அடுப்பு வைத்த பெரியவர்களோடு இந்த வட்டாரத்தில் காற்றும் ஒத்துப்போகிறது.

பெரிய அளவில் சமைப்பதென்றால் ஆரோவில் சோலார் கிச்சனைக் குழுவாகப் போய்ப் பார்த்து வரலாம். மண் கல் கட்டடம், கூரை மேல் 15 மீட்டர் விட்டமுள்ள கிண்ணம்; வெயிலைக் குவித்து நீராவி எடுத்து ஆயிரம் பேர் அளவில் சமைப்பதற்காக அமைத்தது அது. நம் மையத்துக்கு அந்தக் கிண்ணம் தேவையில்லை. சமையல், கழுவுதல், பரிமாறுதல் மூன்றையும் அங்கே எப்படிப் பிரித்திருக்கிறார்கள் என்பதே பார்க்க வேண்டியது. சாப்பிடும் கூடத்துக்கு திருவனந்தபுரம் தம்பானூரில் பேக்கர் கட்டிய இந்தியன் காபி ஹவுஸ் நல்ல பாடம்: சுவர் முழுக்கச் செங்கல் சல்லடை, அதன் வழியாகவே வெளிச்சமும் காற்றும். ஆனால் சல்லடை வழியே தூசும் ஈயும் வரும். ஆட்கள் உட்காருமிடத்தோடு அது நிற்கட்டும், பொடி அறைக்கு வேண்டாம்.

பணம் வருகிற வரிசையில்

முழுவதையும் ஒரே மூச்சில் கட்ட எந்தக் குழுவிடமும் பணம் இருக்காது. பிரித்துக் கட்டுவதில் இது இன்னொரு லாபம். முதலில் களமும் பட்டறையும், பிறகு மேற்கிலும் வடக்கிலும் ஆசாரம், அதன்பின் தானிய அறையும் பொடி அறையும், கடைசியில் அடுப்படி. களம்தான் பின்னால் முற்றமாகப் போகிறது, எனவே அதன் அளவை மட்டும் முதல் நாளே முழுத் திட்டத்துக்கும் சேர்த்து முடிவு செய்துவிட வேண்டும். 2020இல் தொடங்கிய வேளாண் உள்கட்டமைப்பு நிதியில் 2 கோடி ரூபாய் வரை கடனுக்கு 3 சதவீத வட்டிச் சலுகை உண்டு. ஓடு, மண் கல் என்று எழுதினால் மதிப்பீட்டாளர் தயங்குவார். தானிய அறையையும் பொடி அறையையும் நிரப்புத் தளமாகக் காட்டி, கட்டமைப்புப் பொறியாளர் கையெழுத்தோடு கொடுத்தால் பேச்சு நகரும்.

ஷீட் கொட்டகையை நானே சிபாரிசு செய்யும் நிலை ஒன்று உண்டு. இடம் குத்தகைக்கு, அதுவும் நான்கைந்து வருடத்துக்குத்தான் என்றால் சுவரில் பணத்தைப் போடாதீர்கள். போல்ட் போட்ட இரும்புச் சட்டம், வெள்ளை ஷீட், அதன் கீழே ஓரடி இடைவெளி விட்டு மூங்கில் தட்டி அல்லது தென்னந்தட்டி, பக்கங்கள் திறந்தபடி. அடுப்பை மட்டும் அந்தக் கூரைக்கு வெளியே, நன்றாகத் தள்ளி வையுங்கள். பட்டறையும் குளிர்தொட்டியும் அங்கேயும் கட்டலாம். குத்தகை முடிந்தால் கல்லையும் செங்கல்லையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு அடுத்த இடத்துக்குப் போகலாம்.